ஆங்கிலப் பெயர்ப் பகிர்வும் தமிழில் ஆள் அடையாளமும்

0. முன்னுரை

ஒரே பெயரைப் பலர் தாங்கி நிற்பது எல்லா மொழிச் சமுதாயங்களிலும் காணப்படுவது. சங்கப் புலவர் பெயர்களிலேயே இதற்குச் சான்றுகள் உள்ளன. தாமோதரனார் என்னும் பெயருடைய புலவர்கள் உறையூர் மருத்துவன் தாமோதரனார் எனவும் வடம வண்ணக்கன் தாமோதரனார் எனவும் ஊரும் தொழிலும் சேர்த்துப் பிரித்துக் காட்டப்பட்டனர். நக்கீரனார் மதுரைக் கணக்காயனார் மகனார் என்று தந்தையைக் கொண்டு சுட்டப்பட்டார். பெயர் பொதுவாக நிற்க, அதற்கு முன் வந்த அடை ஆளைத் தனிமைப்படுத்தியது.

ஆங்கிலப் பெயர்கள் தமிழில் புகுந்தபோது இச்சிக்கல் வேறொரு வடிவம் கொண்டது. ஆங்கிலத்தில் குடும்பப் பெயரைப் பலர் பகிர்ந்துகொள்கின்றனர். முன் நிற்கும் இயற்பெயர் அவர்களைப் பிரிக்கிறது. தமிழில் இயற்பெயரே பெயர். முன் நிற்பது ஊர்ப் பெயரோ தந்தை பெயரோ அவற்றின் தலைப்பெழுத்தோ ஆகும். இவ்விரு முறைகளும் ஒரு மனிதரிடத்தில் சந்திக்கும்போது அவரை எப்பெயரால் அறிவது, எவ்வெழுத்தால் எழுதுவது, அகரவரிசையில் எங்கு வைப்பது என்னும் வினாக்கள் எழுகின்றன.

இவ்வினாக்களுக்குத் தரப்படும் விடையைப் பொறுத்து ஒருவருடைய மொழியும் பணியும் வரலாற்றில் வெளிப்படவோ மறையவோ கூடும். பகிரப்பட்ட ஆங்கிலப் பெயர்கள் தமிழ் எழுத்தில் அடையும் மாற்றங்களையும், பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் அவை தமிழ்ப் பெயரமைப்பில் பெற்ற இடத்தையும், இவற்றால் மொழிபெயர்ப்பாளரும் பதிப்பாளரும் மேற்கொள்ள வேண்டிய நெறிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

1. எழுத்தொப்புமையும் பெயரொப்புமையும்

இரண்டு பெயர்கள் ஒரே எழுத்துகளால் எழுதப்படுவதனால் மட்டும் அவை ஒரே பெயர் ஆகிவிடா. பெங்களூரின் தென்புறத்தில் உள்ள பொம்மசந்திரா என்னும் ஊர்ப்பெயர் இதற்குத் தக்க சான்று. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெங்களூர் மெட்ரோ மஞ்சள் தடத்தின் தென்முனை நிலையம் இவ்வூரில் உள்ளது. இதன் பெயரின் ஈற்றுப்பகுதியை உரோமன் எழுத்தில் எழுதினால், சாண்ட்ரா என்னும் ஆங்கிலப் பெண்பாற் பெயர் எழுதப்படும் அதே ஆறு எழுத்துகளே வருகின்றன. ஆங்கிலப் பெயர் அலெக்சாண்ட்ரா, அலெசாண்ட்ரா என்பவற்றின் குறுக்கம். கன்னட ஊர்ப்பெயரின் ஈறோ 'சமுத்திரம்' என்பதன் திரிபு என விளக்கப்படுகிறது. பெரிய ஏரியைச் சமுத்திரம் என வழங்குதல் அம்பாசமுத்திரம் போன்ற தமிழக ஊர்ப்பெயர்களிலும் உண்டு.

உரோமன் எழுத்து, பல்லொலித் தகரத்தையும் நாவளை டகரத்தையும் ஒரே குறியால் எழுதுவதால் இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. தமிழ் எழுத்து அதனைக் காட்டுகிறது: ஒன்று 'சந்திரா', மற்றொன்று 'சாண்ட்ரா'. ஆயினும் தமிழ் எழுத்தும் தன் பங்குக்கு ஒரு புதிய ஒப்புமையைப் படைத்துவிடுகிறது. கன்னடத்தில் தகரத்துக்கும் ரகரத்துக்கும் இடையில் உயிர் இல்லை. தமிழ் அங்கு இகரத்தைச் சேர்க்க, ஏரியைக் குறித்த ஈறு நிலவைக் குறிக்கும் சந்திரனோடு இணைந்து தோன்றுகிறது. ஓர் எழுத்துமுறை ஒன்றாக்கிய பெயர்களை மற்றோர் எழுத்துமுறை பிரிப்பதும், அது பிரித்தவற்றை இது ஒன்றாக்குவதும் ஊர்ப்பெயருக்கு மட்டும் உரியன அல்ல. ஆட்பெயர்களிலும் இதுவே நிகழ்கிறது.

2. தமிழ் எழுத்து பிரிப்பனவும் சேர்ப்பனவும்

2.1. சேர்த்தல்

தமிழ் நெடுங்கணக்கு ஒலிப்புடை வெடிப்பொலிக்கும் ஒலிப்பிலா வெடிப்பொலிக்கும் தனித்தனி எழுத்துகள் கொள்ளவில்லை. அதனால் பகரத்தில் தொடங்கும் ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் இரண்டிரண்டாக ஒன்றாகின்றன. 'பார்க்கர்' என்னும் வடிவம், பூங்கா என்னும் பொருளுடைய சொல்லொடு தொடர்புடைய பெயருக்கும், மரப்பட்டை அல்லது நாயின் குரைப்பு என்னும் பொருளுடைய சொல்லை ஒத்தொலிக்கும் பெயருக்கும் பொதுவானது. 'பிரைஸ்' என்பதும் இவ்வாறே இரு பெயர்களைக் குறிக்கும். ஆய்த எழுத்தைச் சேர்த்து எழுதும் வழக்கத்தைக் கைக்கொள்ளாதார் எழுத்தில் 'பென்' என்பது மூன்று பெயர்களுக்கு இடமளிக்கும்.

ஆங்கில எழுத்துக்கூட்டலில் மட்டும் வேறுபட்டு ஒலியில் ஒன்றாகும் பெயர்களும் தமிழில் வேறுபாடு இழக்கின்றன. சென்னை மாகாண ஆளுநராக 1820 முதல் 1827 வரை இருந்த தாமஸ் மன்றோவின் குடும்பப் பெயரும், அமெரிக்கத் திரைநடிகை மர்லின் மன்றோவின் குடும்பப் பெயரும் ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்துக்கூட்டல் உடையன. தமிழில் இரண்டும் மன்றோவே. தமிழில் மருத்துவ நூல்களை ஆக்கிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீனும் (1822-1884), ஆங்கில நாவலாசிரியர் கிரகாம் கிரீனும் (1904-1991) ஆங்கிலத்தில் ஓர் எகரத்தால் வேறுபடுவர். தமிழ் எழுத்தில் அவ்வேறுபாடு இல்லை.

2.2. பிரித்தல்

இதற்கு மாறாக, ஆங்கிலத்தில் ஒன்றாகவே உள்ள பெயர் தமிழில் பலவாகப் பிரிவதும் உண்டு. காரணங்கள் மூன்று.

முதலாவது, வட்டார எழுத்து வழக்கு. தமிழகத்தில் ஜான், தாமஸ், கிரீன் என எழுதப்படுவன ஈழத்தில் ஜோன், தோமஸ், கிறீன் என எழுதப்படும். இவற்றுள் ஒன்று திருத்தமானது, மற்றொன்று பிழையானது என்பதற்கில்லை. ஆங்கில ஒலிகளைத் தமிழின் எந்த ஒலியோடு பொருத்துவது என்பதில் இரு சமுதாயங்களும் வெவ்வேறு தீர்வுகளைக் கண்டுள்ளன.

இரண்டாவது, தமிழின் மெய்ம்மயக்க விதி. னகர மெய்யை அடுத்து ரகரம் வருதல் தமிழியல்பன்று, றகரம் வரும். ஆகவேதான் மன்றோ, ஹென்றி என்னும் வடிவங்கள் நிலைபெற்றன. பிற்காலத்தார் ஆங்கில ஒலிப்பை நோக்கி ஹென்ரி, மன்ரோ எனவும் எழுதுகின்றனர். ஒரே நூலின் பெயரடைவில் இரு வடிவங்களும் இடம்பெற்றால் ஒருவரே இருவர் ஆகிவிடுவர்.

மூன்றாவது, ஈற்றுத் துணையுயிர். வல்லின மெய்யில் முடியும் சொல் தமிழில் உகரம் பெறும். கால்டுவெல் என்பதில் இடையிலும், ஆர்னால்டு என்பதில் ஈற்றிலும் இவ்வுகரம் காணப்படுகிறது. ஆர்னல்ட், ஆர்னோல்ட், ஆர்னால்டு, ஆனல்ட் ஆகிய நான்கும் ஒரே பெயரின் தமிழ் வடிவங்கள்.

3. ஒரே துறையில் ஒரே பெயர்

பெயர் ஒன்றாயினும் துறை வேறாயின் சூழலே மயக்கத்தைத் தீர்த்துவிடும். துறையும் ஒன்றாகும்போதுதான் இடர்ப்பாடு மிகுகிறது. மொழியியலில் 'ஜோன்ஸ்' இத்தகைய பெயர். 1786இல் கல்கத்தாவில் ஆற்றிய உரையால் இந்தோ ஐரோப்பிய மொழிகளின் உறவைச் சுட்டிய வில்லியம் ஜோன்ஸ் (1746-1794) ஒருவர். ஆங்கில ஒலிப்பு அகராதியை 1917இல் வெளியிட்டு, ஒலியன் கொள்கையை வளர்த்த டேனியல் ஜோன்ஸ் (1881-1967) மற்றொருவர். 'ஜோன்சின் கருத்து' என்னும் தொடர் வரலாற்று மொழியியல் கட்டுரையிலும் ஒலியியல் கட்டுரையிலும் வெவ்வேறு ஆளைக் குறிக்கும். இரண்டையும் தழுவிய அறிமுக நூலில் பொருள் மயங்கும்.

'போப்' என்பது இதனினும் சிக்கலானது. திருக்குறளை 1886இலும் திருவாசகத்தை 1900இலும் ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப்பும் (1820-1908), ஹோமரின் இலியத்தை ஆங்கிலச் செய்யுளாக்கிய கவிஞர் அலெக்சாண்டர் போப்பும் (1688-1744) மொழிபெயர்ப்பாளர்களே. ஆதலால் 'போப்பின் மொழிபெயர்ப்பு' என்பது மொழிபெயர்ப்பியல் கட்டுரையில் தெளிவற்ற தொடர். ஒப்பிலக்கண முன்னோடியான ஜெர்மானியர் பிரான்ஸ் பொப்பை (1791-1867) நெட்டுயிரால் எழுதிவிட்டால், ஆங்கிலத்தில் தொடர்பே இல்லாத பெயரும் இதனோடு கலந்துவிடும்.

தமிழ் வழக்கு இவர்களுள் ஒருவரைத் தனியே பிரித்துக்கொண்டது. ஜி. யு. போப், தமிழறிஞரிடையே 'போப்பையர்' ஆனார். 'ஐயர்' என்பது இங்குக் குருமார்க்கு வழங்கிய மதிப்புச் சொல். அது மதிப்பை மட்டும் உணர்த்தவில்லை. பலர் பகிர்ந்துகொண்ட குடும்பப் பெயரை ஒருவருக்கே உரிய பெயராகவும் மாற்றியது. அலெக்சாண்டர் போப்பை எவரும் போப்பையர் என்பதில்லை. சங்கப் புலவர் பெயர்களில் ஊரும் தொழிலும் செய்த வேலையை இங்கு ஒரு பின்னொட்டு செய்கிறது.

இயற்பெயரைப் பகிர்ந்துகொள்ளும்போது பாலும் மயங்கக்கூடும். ஆங்கில நாவலாசிரியர் ஈவ்லின் வா (1903-1966) ஆண். 1928இல் அவர் மணந்த முதல் மனைவியின் இயற்பெயரும் ஈவ்லினே. ஆங்கில வினைமுற்று பால் காட்டாது. தமிழ் வினைமுற்று காட்டும். பெயரை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பவர் ஆண்பால், பெண்பால் முடிபுகளுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். உயர்வுப்பன்மை முடிபு பாலைக் காட்டாமல் காக்கும். ஆனால் ஆள் யார் என்பதை அது தெளிவிக்காது.

4. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் பெயர்கள்

மேற்கண்டவை பிறநாட்டார் பெயர்கள் தமிழில் எழுதப்படும்போது தோன்றுவன. தமிழரே ஆங்கிலப் பெயரைத் தாங்கிய சூழல் இவற்றினின்றும் வேறானது. இதற்குச் செறிவான சான்றுகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணம் தருகிறது.

அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணத்தில் தன் பணியைத் தொடங்கியது. அது 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டைக் கல்லூரி 1855 வரை நடைபெற்றது. மிஷன் பள்ளிகளில் தங்கிப் பயின்ற மாணவர்க்கு அமெரிக்காவிலிருந்து பொருளுதவி செய்தோர், தாம் விரும்பிய பெயரை அம்மாணவர்க்கு இடும் வழக்கம் இருந்தது. அவ்வாறு இடப்பட்டவை பெரும்பாலும் அமெரிக்க, ஆங்கிலத் திருச்சபைகளில் புகழ்பெற்றோரின் முழுப்பெயர்கள். இயற்பெயரும் குடும்பப் பெயரும் இணைந்து அப்படியே ஒரு தமிழ்ச் சிறுவனுக்கு வந்து சேர்ந்தன.

இதன் விளைவாக உருவான பெயர்ப் பகிர்வுகள் சில:

(அ) ஹென்றி மார்ட்டின். கார்ன்வாலில் உள்ள துரூரோவில் 1781இல் பிறந்து, 1806இல் இந்தியா வந்து, புதிய ஏற்பாட்டை உருதுவிலும் பாரசீகத்திலும் மொழிபெயர்த்து, 1812இல் மறைந்த ஆங்கிலக் குரு ஒருவர். யாழ்ப்பாணத்தில் 1841இல் தொடங்கிய 'உதயதாரகை' இதழின் முதல் ஆசிரியர் இருவருள் ஒருவரான தமிழர் மற்றொருவர்.

(ஆ) சேத் பேசன். நியூ ஹாம்ப்ஷயரின் ரிண்ட்ஜ் ஊரில் குருவாக இருந்த அமெரிக்கர் (1758-1820) ஒருவர். உதயதாரகையின் மற்றோர் ஆசிரியரான தமிழர் இன்னொருவர்.

(இ) வில்லியம் நெவின்ஸ். பால்டிமோர் நகரத்துக் குரு (1797-1835) ஒருவர். தமிழில் தருக்க நூல் எழுதிய சிதம்பரப்பிள்ளை மற்றொருவர்.

(ஈ) ஜெரமையா எவர்ட்ஸ். அமெரிக்க மிஷனின் தாய்ச் சங்கத்தில் செயலாளராக இருந்தவர் (1781-1831) ஒருவர். 'திருவாக்குப் புராணம்' பாடிய அளவெட்டிக் கனகசபைப்பிள்ளை மற்றொருவர். ஈழ வழக்கில் இவர் பெயர் எவாட்ஸ் என ரகர மெய் நீங்கி வழங்குகிறது.

(உ) ஆர்னல்ட். 'பாவலர் சரித்திர தீபகம்' என்னும் புலவர் வரலாற்று நூலை 1886இல் வெளியிட்ட மானிப்பாய்ச் சதாசிவம்பிள்ளை இப்பெயர் பூண்டவர். இதே பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டோருள் மாத்யு ஆர்னால்டும் (1822-1888), கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் 'ஆசிய ஜோதி'க்கு மூலமான ஆங்கிலக் காவியத்தை 1879இல் வெளியிட்ட எட்வின் ஆர்னால்டும் (1832-1904) தமிழ் வாசகர்க்கு அறிமுகமானவர்கள்.

இப்பட்டியலில் உள்ள பகிர்வு தற்செயலான ஒப்புமை அன்று. ஒருவர் நினைவாக மற்றொருவர்க்குப் பெயரிடுதல் உலகெங்கும் உள்ளது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது தமிழர் வழக்கமும் ஆகும். ஆனால் இங்குப் பெயரைக் கொடுத்தவர்க்கும் பெற்றவர்க்கும் குருதியுறவோ மொழியுறவோ இல்லை. பெற்றவர்க்கு ஏற்கெனவே ஒரு தமிழ்ப் பெயர் இருந்தது. புதிய பெயர் அதனை அழிக்கவில்லை. அதனோடு சேர்ந்து நின்றது.

5. சேர்ந்து நின்ற பெயரின் அமைப்பு

இரு பெயர்களும் சேர்ந்தபோது ஆங்கில முறைப்படி குடும்பப் பெயர் இறுதியில் நிற்கவில்லை என்பது கருதத்தக்கது. 'சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட்' என்பது வழக்கன்று. 'ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை' என்பதே வழக்கு. இவ்வாறே கறல் விசுவநாதபிள்ளை, எவாட்ஸ் கனகசபைப்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை எனப் பெயர்கள் அமைந்தன. ஆங்கிலத்தில் இறுதியில் நின்று குடும்பத்தைச் சுட்டும் சொல், தமிழில் முன்னின்று ஆளைச் சுட்டும் அடை ஆயிற்று.

இது தமிழுக்குப் புதிதன்று. சிறப்பினால் வந்த பெயரும் இயற்பெயரும் ஓரிடத்தில் சேர்ந்து வருங்கால் இயற்பெயரை முன்னர்க் கூறலாகாது என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்தில் காணப்படும் விதி. கல்வியாலோ தொழிலாலோ வேந்தர் வழங்கியதாலோ வந்த சிறப்புப்பெயர் முன்னும், இயற்பெயர் பின்னும் வரும். மிஷன் வழங்கிய பெயரையும் யாழ்ப்பாணத்தார் இவ்விடத்திலேயே வைத்தனர். அயல்மொழிச் சொல் தமிழெழுத்தை ஏற்பது போல, அயல்முறைப் பெயர் தமிழ்ப் பெயரமைப்பை ஏற்றது எனலாம்.

இவ்வடையின் பயன் கதிரைவேற்பிள்ளை என்னும் பெயரில் நன்கு விளங்கும். யாழ்ப்பாணத்து அகராதி ஆசிரியர் இருவர் இப்பெயர் உடையோர். மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட தமிழ்ச் சொல்லகராதியைத் தொகுத்த கு. கதிரைவேற்பிள்ளை ஒருவர், தமிழ்ப் பேரகராதியின் ஆசிரியரும் திரு. வி. க.வின் ஆசிரியருமான நா. கதிரைவேற்பிள்ளை மற்றொருவர். ஊரும் பெயரும் துறையும் ஒன்றாகிய இவ்விருவருள் முன்னவரை வைமன் கதிரைவேற்பிள்ளை என்னும்போது மயக்கம் முற்றும் நீங்குகிறது. ஆங்கிலப் பெயர் தன் சொந்த மொழியில் பலர்க்குப் பொதுவாக இருக்கலாம். தமிழ்ப் பெயரின் முன் நின்றபோது அதுவே பிரித்துக் காட்டும் கருவியாயிற்று.

சில குடும்பங்களில் இவ்வடை அடுத்த தலைமுறைக்கும் சென்றது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கிய நெவின்ஸ் செல்வதுரை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையின் மகன். ஒருவருக்கு இடப்பட்ட பெயர் இங்குக் குடும்பப் பெயர்த் தன்மை பெற்றும், தமிழ் வரிசையில் முன்னிடத்திலேயே நின்றது. வேறு சிலரிடத்தில் ஆங்கில வழிப் பெயர்கள் தலைப்பெழுத்துகளாகச் சுருங்கின. சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் (1898-1977) எஸ். ஜே. வி. செல்வநாயகம் எனவும் சா. ஜே. வே. செல்வநாயகம் எனவும் எழுதப்படுகிறார். விவிலிய வழிப் பெயரும் தமிழ்ப் பெயரும் ஒரே வரிசையில் நின்று, ஓரெழுத்தாகி, வெளித்தோற்றத்தில் வேறுபாடின்றி அமைகின்றன.

6. பெயர் மறைத்த மனிதர்

சேர்ந்து நின்ற இரு பெயர்களுள் தமிழ்ப் பெயர் விடப்பட்டு ஆங்கிலப் பெயர் மட்டும் எஞ்சும்போது இழப்பு நேர்கிறது. ஈழத்தின் முதல் தமிழ்ச் செய்தித்தாளாகக் கருதப்படும் உதயதாரகையின் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் என்று மட்டும் எழுதினால், அவ்விதழைத் தொடங்கி நடத்தியோர் அயல்நாட்டுக் குருமார் என்றே படிப்பவர் கொள்வர். தமிழ் உரைநடையையும் ஆங்கில உரைநடையையும் அருகருகே வைத்து நடத்திய முதல் தலைமுறை இதழாசிரியர் தமிழர் என்னும் செய்தி, ஒரு பெயரின் பின் மறைந்துவிடுகிறது.

இதனினும் கூர்மையான சான்று பெங்களூரில் உள்ளது. தேவார, திருவாசகப் பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு நூல் ஒன்று 1921இல் வெளிவந்தது. அதனைச் செய்தோர் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியோடு தொடர்புடைய எப். கிங்ஸ்பரியும் ஜி. இ. பிலிப்சும் ஆவர். இப்பெயர்களை ஆங்கிலத்தில் காண்போர், தமிழ் கற்ற ஆங்கிலேயர் இருவர் செய்த மொழிபெயர்ப்பு என்றே எண்ணுவர். பிலிப்சைப் பொறுத்தவரை அது பொருந்தும். பிரான்சிஸ் கிங்ஸ்பரி (1873-1941) யாழ்ப்பாணத் தமிழர், இயற்பெயர் அழகசுந்தரம். வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் மைந்தர்.

கிங்ஸ்பரி என்னும் குடும்பப் பெயரை உடையோருள், அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கியரிடையிலும் சொக்டாவரிடையிலும் பணிபுரிந்த சைரஸ் கிங்ஸ்பரியும் (1786-1870) ஒருவர். அவரை அனுப்பிய அமெரிக்கச் சங்கமே யாழ்ப்பாணத்துக்கும் குருமாரை அனுப்பியது. ஆதலின் மிஷன் வரலாற்று நூல் ஒன்றின் பெயரடைவில் இவ்விருவரும் அடுத்தடுத்து நிற்றல் கூடும். ஆங்கில எழுத்தில் அவர்களைப் பிரிப்பது முதலெழுத்து ஒன்றே.

இங்கு இழக்கப்படுவது தனியொருவர் புகழ் மட்டுமன்று. 1921ஆம் ஆண்டு நூலை மொழிபெயர்ப்பியலார் எவ்வாறு மதிப்பிடுவர் என்பதும் இதனைச் சார்ந்தது. இருவரும் ஆங்கிலேயர் எனக் கொண்டால், அந்நூல் அயலார் தமிழ்ப் பக்திப் பாடலை வெளியிலிருந்து கண்டதன் சான்றாகிறது. ஒருவர் தமிழர், அதுவும் பழந்தமிழ் நூற்பதிப்பின் முன்னோடி ஒருவரின் மகன் என அறிந்தால், தாய்மொழியினின்றும் ஆங்கிலத்துக்குச் செய்யப்பட்ட மொழிபெயர்ப்பின் சான்றாகவும் அது ஆகிறது. சொற்றேர்வு, விடுபாடு, விளக்கம் ஆகியவற்றுக்கு ஆய்வாளர் தேடும் காரணங்களும் அதற்கேற்ப வேறுபடும். மொழிபெயர்ப்பாளரின் முதன்மொழி யாது என்னும் அடிப்படை வினாவுக்குப் பெயரைக் கொண்டு விடை கூறினால், முடிவு தலைகீழாகும்.

தாமோதரம்பிள்ளையின் தலைப்பெழுத்தும் இங்கு நினைக்கத்தக்கது. சி. வை. என்பது சிறுப்பிட்டி வைரவநாதர் என விரியும். ஊரும் தந்தையும் முன்னிற்கும் தமிழ் முறை. ஆங்கிலத்தில் அவர் பெயர் சி. டபிள்யூ. என எழுதப்பட்டது. வைரவநாதர் என்பதன் முதலெழுத்தை அக்கால யாழ்ப்பாணத்தார் டபிள்யூ என்னும் எழுத்தால் எழுதியமையே காரணம். இதனை அறியாதார், ஆங்கில எழுத்தைக் கண்டு அதற்கேற்ற ஓர் ஆங்கிலப் பெயரை வருவித்துக்கொள்ள இடமுண்டு. ஆங்கிலப் பெயர் தமிழரை மறைப்பது போலவே, ஆங்கில எழுத்து தமிழ்ப் பெயரையும் மறைக்கும்.

இவரோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியாகத் தேறியவர் கறல் விசுவநாதபிள்ளை (1820-1880). ஆறுமுக நாவலரின் 'சைவதூஷண பரிகாரம்' என்னும் நூலை மறுத்துச் 'சுப்பிரதீபம்' எழுதிப் பின்னர்ச் சைவத்துக்கு மீண்டவர் இவர். இவர் பெயர் கறோல் எனவும் எழுதப்படும். ஆங்கில ஒலிப்பை நோக்கித் திருத்த முனைவோர் 'கரோல்' என எழுதினால், தமிழகத்து வாசகர் அதனைப் பெண்பாற் பெயராகவோ கிறித்துமஸ் பாடலின் பெயராகவோ கொள்ளக்கூடும். றகரத்தால் எழுதப்பட்ட வடிவமோ, இவர் ஈழத்தவர் என்பதைத் தன் எழுத்திலேயே காட்டி நிற்கிறது.

7. மொழிபெயர்ப்பாளர்க்கும் பதிப்பாளர்க்கும் சில நெறிகள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து பின்வரும் நெறிகளைப் பெறலாம்.

(1) தமிழ்ப் பெயரும் ஆங்கிலப் பெயரும் உடையவரைத் தமிழ் நூலின் அகரவரிசையில் தமிழ் இயற்பெயரின் கீழ் வைத்தல் வேண்டும். ஆங்கிலப் பெயரிலிருந்து அதற்கு நோக்கீடு தருதல் வேண்டும். 'சதாசிவம்பிள்ளை, ஆர்னல்ட்' என்பது தலைப்பு. 'ஆர்னல்ட், காண்க: சதாசிவம்பிள்ளை' என்பது நோக்கீடு. எட்வின் ஆர்னால்டு போன்றோர் அவர்தம் மொழி வழக்கின்படி குடும்பப் பெயரின் கீழ் வருவர். இவ்வாறு செய்யின் இரு பெயர்முறைகளும் தத்தம் இயல்பு கெடாமல் ஒரே அடைவில் நிற்கும்.

(2) ஒரு வரலாற்று மாந்தர் பெயர்க்கு நிலைபெற்ற தமிழ் வடிவம் இருப்பின் அதனைப் போற்ற வேண்டும். கறல், எவாட்ஸ், மன்றோ என்பன இக்கால ஒலிபெயர்ப்பு முறைக்கு மாறுபட்டனவாயினும் ஆளைத் துலக்கமாகக் காட்டுவன. புதிதாகத் தமிழில் எழுதப்படும் பெயர்க்கு மட்டும் ஒலிபெயர்ப்பு விதியைப் பின்பற்றலாம். விதியின் சீர்மையினும் ஆளின் அடையாளம் முதன்மையானது.

(3) பலர்க்குப் பொதுவான குடும்பப் பெயரை முதன்முறை ஆளும்போது இயற்பெயரும் வாழ்நாள் ஆண்டுகளும் தரப்படவேண்டும். ஒரே துறையினர் இருவர் அதே நூலில் இடம்பெறுவாராயின், அடுத்தடுத்த இடங்களிலும் இயற்பெயரை விடலாகாது. 'டேனியல் ஜோன்ஸ்' என்பதில் வீணாகும் சொல் ஒன்றுமில்லை.

(4) ஆங்கில நூலிலிருந்து மொழிபெயர்ப்போர், ஆங்கிலப் பெயர் காணப்படுவதால் மட்டும் ஒருவரை ஆங்கிலேயர் எனக் கொண்டு அடைமொழி சேர்த்தல் கூடாது. யாழ்ப்பாணம், திருநெல்வேலி, சென்னை ஆகிய இடங்களின் மிஷன் ஆவணங்களை மொழிபெயர்க்கும்போது இவ்வெச்சரிக்கை மிகவும் வேண்டப்படுவது. தமிழ்ப் பெயர் கிடைப்பின் அதனை உடன் தருதல் நன்று.

(5) தமிழ் எழுத்தில் உள்ள பெயரை மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுசெல்லும்போது மூல எழுத்துக்கூட்டலைத் தேடிக் கண்டே எழுதவேண்டும். பார்க்கர் என்பதிலிருந்தோ கிரீன் என்பதிலிருந்தோ ஒலியை மட்டும் கொண்டு ஆங்கில வடிவத்தை அமைத்தால் வேறொருவர் பெயரே கிடைத்தல் கூடும்.

(6) போப்பையர் போன்ற மதிப்புப் பெயர்களைப் பழவழக்கெனக் கருதி முற்றும் நீக்கிவிடாமல், அடைவிலேனும் நோக்கீடாகத் தருதல் வேண்டும். அவை பழைய நூல்களில் ஆளைக் கண்டறியும் திறவுகோல்களாகும்.

8. முடிவுரை

பெயர்ப் பகிர்வு என்பது பெயரின் இயல்பு மட்டுமன்று. எழுத்துமுறை, பெயரமைப்பு, சமுதாய வழக்கு ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கும் நிலை. உரோமன் எழுத்தில் ஒன்றாகத் தோன்றுவன தமிழில் இரண்டாகலாம்; ஆங்கிலத்தில் இரண்டாக உள்ளன தமிழில் ஒன்றாகலாம். இவற்றை எழுத்துச் சீர்திருத்தத்தால் மட்டும் தீர்த்துவிட இயலாது.

தமிழ்மரபு இச்சிக்கலுக்கு நெடுங்காலமாகவே ஒரு தீர்வைக் கைக்கொண்டுள்ளது. பொதுப்பெயர்க்கு முன் ஓர் அடையை நிறுத்தி ஆளைப் பிரித்துக்காட்டும் அம்முறை, உறையூர் மருத்துவன் தாமோதரனார்க்குப் பயன்பட்டதைப் போலவே வைமன் கதிரைவேற்பிள்ளைக்கும் பயன்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தார் தமக்கு வந்த ஆங்கிலப் பெயரைத் துறக்கவும் இல்லை. அதனுள் மறைந்துபோகவும் இல்லை. தம் பெயரை இறுதியில் நிறுத்தி, வந்த பெயரை அதன் முன் நிறுத்தினர். அவர்கள் வகுத்த வரிசையை மாற்றாமல் எழுதுவதும், விடுபட்ட தமிழ்ப் பெயரைத் தேடிச் சேர்ப்பதும் இக்காலப் பதிப்பாளர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரின் கடமைகள். தேவாரத்தை ஆங்கிலத்தில் தந்த கிங்ஸ்பரி அழகசுந்தரமும் ஆவார் என்று ஒரு சொல் சேர்த்து எழுதுவதனால், தமிழ் மொழிபெயர்ப்பு வரலாறு தன்னுடைய ஒருவரை மீண்டும் பெறுகிறது.